முதல் இடத்தில் இருந்த பக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சபூரா வகுப்பு எடுத்துவந்தார். வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு, அதை நாலு பேர் கண்ணில் பட வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பு. அவருக்கு முப்பத்திரண்டு வயது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு.

அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் ஞானதிரவியம். அறுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு விடுவது கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான். அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார்.

ஆனாலும் அவர் பேசினார். வாயால் காற்றை விழுங்கி, ஏப்பம்போல அதை மேலே தள்ளி, அந்தச் சத்தத்தைச் சொல்லாக மாற்றப் பழகியிருந்தார். ஒரு மிடறு காற்றுக்கு மூன்று நான்கு சொற்கள் வரும். கரகரவென்று இருக்கும். கவனித்துக் கேட்டால் புரியும்.

அப்படி ஒரு பயிற்சி இருப்பதே தெரியாமல் எட்டு மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்தவர் அவர். இன்னொருவர் அப்படி உட்காரக் கூடாது என்றுதான் கற்றுக்கொண்டதையெல்லாம் வெப்சைட்டில் எழுதிவைத்தார். நாற்பது பக்கம் வந்தது. 'குரல்வளை நீக்கத்திற்குப் பிந்தைய உணவுக்குழாய்வழிப் பேச்சுப் பயிற்சி' என்று தலைப்பு. அந்தத் தலைப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, அவர் எழுந்து வந்தார்.

"டீச்சர். என் பக்கம்... முதல் இடம்."

"எதுல சார்?"

"நெட்ல தேடினா. முதல்ல நான்தான்."

"நல்ல விஷயம்தானே."

"ஆளே வரல."

சபூரா தன் போனை எடுத்து அந்த நீளமான தலைப்பை அடித்துப் பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். முதலில் அவருடைய பக்கம் வந்தது. பிறகு கணினியில் அவருடைய வெப்சைட்டின் கணக்குகளைத் திறந்தார்.

"போன மாசம் தேடல்ல உங்க பக்கம் முப்பது தடவை கண்ணுல பட்டிருக்கு."

"முப்பது பேரா?"

"முப்பது தடவை. நீங்க தேடிப் பார்ப்பீங்களா சார்?"

"தினமும். காலையில ஒருக்கா. முதல் இடத்துல... இருக்கான்னு."

 போன மாதம் ஏப்ரல், முப்பது நாள். ஞானதிரவியம் திரையில் இருந்த அந்த முப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ தேடினது... நான் மட்டுந்தான்."

"அப்படித்தான் தெரியுது."

"ஏன் டீச்சர்? முதல் இடத்துக்கு மேல... இடம் இல்லையே."

சபூரா கணினியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சீங்களே, அன்னைக்கு என்ன கேட்டீங்க?"

"குரலே இல்ல. எப்படிக் கேக்க?"

"கேட்காமலா இருந்தீங்க?"

"எழுதிக் காட்டினேன்."

"என்ன எழுதினீங்க?"

அவர் யோசித்தார். "நினைவில்ல."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"ஜெபமணிகிட்ட. என் வீட்டுக்காரி."

"அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க சார்."

ஞானதிரவியத்துக்கு மனது கொஞ்சம் கசந்தது. வெப்சைட்டைப் பற்றிக் கேட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினார். ஆனால் கேட்டுவிட்டு வா என்று சொன்னதைக் கேட்காமல் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஜெபமணி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்துவந்தார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. சிலவற்றில் மருந்துக் கறை.

"இதை எதுக்கு... வச்சிருக்க?"

"அந்த எட்டு மாசமும் நீங்க பேசினது இவ்வளவுதானே" என்றார் ஜெபமணி. திரும்பி மீனிடம் போய்விட்டார்.

அவர் முதல் நோட்டைப் பிரித்தார். கோணல்மாணலான கையெழுத்து. தன்னுடையது என்றே நம்ப முடியவில்லை. 'தண்ணி' என்று ஒரு பக்கம் முழுக்க. 'சத்தம் வரலையே'. 'எப்ப பேச்சு வரும்'. 'குளிச்சா ஓட்டைக்குள்ள தண்ணி போயிருமா'. 'சின்னப் பேரன் என்னப் பாத்து பயப்படுதானா'. 'இணி பேசவே முடியாதா'.

ஜெபமணி எல்லாவற்றுக்கும் வாயால்தான் பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதில்கள் எங்கும் இல்லை. நோட்டில் இருந்தவை கேள்விகள் மட்டும்தான்.

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. 'இணி' என்பதில் ணகரத்தைச் சுழித்து, மேலே 'னி' என்று எழுதினார். 'என்னப் பாத்து' என்பதையும் திருத்தினார். பக்கத்தைப் புரட்டினார்.

'டாக்டர் சொன்னத மறைக்காத. பேச்சு வருமா வராதா.'

அதன் கீழே பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் திருத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை நோட்டுகளைக் கொண்டுபோய் சபூராவின் மேஜையில் வைத்தார். சபூரா மூன்று நான்கு பக்கம் வாசித்தார். அதற்கு மேல் வாசிக்காமல் மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"இதுல 'உணவுக்குழாய்வழிப் பேச்சு' எங்க சார் இருக்கு?"

"இருக்காது. அப்படி ஒண்ணு இருக்குன்னே... அப்ப எனக்குத் தெரியாதே."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.   நோட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்தக் கோடை முழுவதும் எழுதினார். நோட்டில் இருந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கத்துக்குத் தலைப்பாயிற்று. பழைய பக்கங்களில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டார். 'அறுவை சிகிச்சை' என்று கை தானாக எழுதும். அதை அடித்து 'ஆபரேஷன்' என்று எழுதுவதற்கு அவருக்குப் பல நாள் ஆனது. முதல் பக்கத்தின் தலைப்பு, 'தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் பேச முடியுமா?' அதன் கீழே முதல் வரி, 'முடியும். நான் பேசுகிறேன்.'

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"டீச்சர். ஒன்பதாவது இடம்."

"எது சார்?"

"புதுப் பக்கம். முதல் இடம் இல்ல. ஒன்பது."

"வருத்தமா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். "ஆள் வந்திருக்கு" என்று சொல்லி போனை நீட்டினார்.

சாத்தூரிலிருந்து வைரச்செல்வி என்ற பெண் எழுதியிருந்தாள். 'ஐயா, எங்க அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி தொண்டையில ஆபரேஷன். வீட்டுல யார் முகத்தையும் பார்க்கிறது இல்ல. எழுதிக் காட்டுறதையும் விட்டுட்டாங்க. உங்க பக்கத்தை வாசிச்சுக் காட்டினேன். பொய்யின்னு கையைக் காட்டுறாங்க. நீங்க நிஜமாவே பேசுவீங்களா? அப்பாகிட்ட ஒரு நிமிஷம் போன்ல பேசுவீங்களா?' கீழே நம்பர் இருந்தது.

சபூரா அதை இரண்டு முறை வாசித்தார்.

"எப்ப வந்தது சார்?"

"முந்தாநாள்."

"பேசிட்டீங்களா?"

ஞானதிரவியம் குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"போன்ல நான்... பேசுறதில்ல. எடுக்கிறவங்க... வச்சிருதாங்க. மெஷின்னு நினைக்காங்க. ஒருக்கா ஒரு சின்னப் பிள்ளை எடுத்துச்சு. அழுதுருச்சு."

சபூரா கீழே இருந்த நம்பரை மறுபடி பார்த்தார்.

"அவரே பயந்து போயிருக்கார். இந்தச் சத்தத்தைக் கேட்டா... இப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சா... உள்ள நம்பிக்கையும் விட்டுப்போகும். நீங்க பேசுங்க டீச்சர். சொல்ல வேண்டியதை... எழுதித் தாரேன். உங்க குரல் நல்லாருக்கும்."

சபூரா அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜையில் அவர் பக்கமாக வைத்தார். மணி அடித்தது. நான்காவது மணியில் ஒரு பெண்குரல் எடுத்தது.

"ஹலோ, யாருங்க?"

ஞானதிரவியம் சபூராவைப் பார்த்தார். சபூரா போனை இன்னும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஹலோ? பாளையங்கோட்டை ஐயாவா? இருங்க, அப்பா பக்கத்துலதான் இருக்காங்க. அப்பா காதுல வைக்கேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு துளை வழியாக மூச்சு போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எதுவென்று ஞானதிரவியத்துக்குத் தெரியும்.

அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்தார்.  வேண்டாம் என்பதுபோல சபூராவிடம் தலையசைத்தார்.

சபூரா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அவங்க தேடி வந்தது இந்தக் குரலைத்தான் சார்."