தாண்டிப் போன இலை

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மாசிலாமணிக்கு அழைப்பு வந்தது. ஜெபக்கூட்டத்தில் ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டைப் பற்றிப் பேசினார்கள். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவர் தன்னைத்தான் அங்கே போகச் சொல்கிறார் என்பதில் எள்ளளவும் சந்தேகமில்லை. மிஷனெரிச் சங்கமும் சம்மதித்துவிட்டது. சபை குருவானவரின் சிபாரிசுக் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம்.

குருவானவர் தேவசித்தம் அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி வேதம் படித்ததெல்லாம் அவரிடம்தான்.

“அங்க யார் வீட்டுல சாப்பிடுவீங்க, அண்ணாச்சி?”

“யார் போட்டாலும் சாப்பிடுவேன் ஐயா. எதைப் போட்டாலும்.”

“நம்ம பொன்னுதுரை போட்டா?”

மாசிலாமணியின் முகம் கறுத்தது. பதினோரு வருடத்துக்கு முன், தேவாலயத்து அசன விருந்தில், குழம்பு வாளியோடு வந்த பொன்னுதுரை இவர் இலையை மட்டும் தாண்டிப் போனான். வெறும் சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்தவர்தான். இரண்டு வீடு தள்ளித்தான் அவன் வீடு. பேச்சுவார்த்தை கிடையாது. அசனத்துக்கும் இவர் போவதில்லை.

“அவன் வீட்டுல நான் கை நனைக்கணுமா? அதுக்கும் மலாவிக்கும் என்ன ஐயா சம்பந்தம்?”

“அவர் வீட்டுல சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் பேனாவை எடுக்கேன்.”

மூன்று நாள் மனதோடு மல்லுக்கட்டினார். நாலாம் நாள் மத்தியானம், சரி, மன்னித்துத் தொலைப்போம் என்று கிளம்பினார். சொல்ல வேண்டியதை இரண்டு வீட்டுத் தூரத்துக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் தேவசித்தத்தின் முன்னால் வந்து நின்றபோது அவர் கண் சிவந்திருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“வயிறு முட்ட.”

“பொன்னுதுரை என்ன சொன்னார்?”

“‘உம்ம மன்னிச்சிட்டேன்வே’ன்னு ஆரம்பிச்சேன். அவன் பாட்டுக்கு இலையைப் போட்டுட்டான். ‘அன்னைக்கு வேணும்னுதான் தாண்டினேன், தப்புதான்’னான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு அசனத்துக்கும் எனக்குன்னு ஒரு தூக்குச்சட்டியில குழம்பு எடுத்து வைப்பானாம். ‘கொண்டாந்து தரவேண்டியதுதானேவே’ன்னு கேட்டேன். ‘நீரு மூஞ்சியில ஊத்திட்டீருன்னா?’ங்கான்.”

தேவசித்தம் சிரித்தார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

“ஊத்தியிருப்பேன் ஐயா. நிச்சயமா ஊத்தியிருப்பேன். பதினோரு வருஷமா ஒருத்தன் என் வரவைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கான். நான் வேதப்புத்தகத்தை இடுக்கிக்கிட்டு அவன் வாசலைத் தாண்டி ஆராதனைக்குப் போயிருக்கேன். மன்னிக்கப் போனவன், மன்னிப்பு வாங்கிட்டு வந்திருக்கேன். நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த ஜனங்ககிட்ட பேச? அந்தச் சிபாரிசுக் கடுதாசியைக் கிழிச்சிருங்க.”

தேவசித்தம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“ஐயா, நான் கிழிக்கத்தானே சொன்னேன்!”

“போன வாரம் வரைக்கும் உங்களுக்குப் போக ஆசை இருந்தது, அண்ணாச்சி. போய்ச் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு.”