இரவல் இல்லாத திருநாள்

ஆலங்குறிச்சி அப்படியொன்றும் பெரிய ராச்சியம் இல்லை. வடக்கு எல்லையில் யானை பிளிறினால் தெற்கு எல்லையில் தூளிப் பிள்ளை விழித்துக்கொள்ளும். அதற்கு மகிழமாறன் என்று ஒரு ராசா. நல்லவர்தான். ஆனால் பொழுது போகாவிட்டால் யாருக்காவது ஒரு சோதனை வைக்காமல் இருக்க மாட்டார்.

அரண்மனையில் மதலேனாள் என்று கிறிஸ்து வேதக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். ராசகுமாரனுக்குப் பால் கொடுக்க வந்தவள். வாய்ச் சாமர்த்தியத்தால் தொட்டிலறையிலிருந்து சபை மண்டபம் வரை வந்துவிட்டாள். ராசா எதைச் சொன்னாலும், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். பிரதானி தாண்டவராயனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வேதக்காரர் தெருவில் ஒரு கூரைக் கோவில். வருஷத்துக்கு ஒரே தடவை, கிறிஸ்து பிறப்புக்கு, ஞானாதிக்கம் சாமியார் நாலு நாள் நடந்து அங்கே வருவார். பூசை வைப்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், போய்விடுவார். இந்த வருஷம் வந்ததும் வராததுமாக வாசலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மாவிலைத் தோரணம், கோலம், குத்துவிளக்கு, பொங்கல் பானை. இதெல்லாம் அவங்க வழக்கமாச்சே. நம்ம திருநாளுக்கு எதுக்கு?"

"விளக்கு உச்சியில அன்னத்தை எடுத்துட்டுச் சிலுவை வச்சிருக்கோமே சாமி" என்றாள் மதலேனாள்.

"அன்னம் போனா விளக்கு மாறிடுமா?"

இந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் தாண்டவராயன் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராசா, இவங்க திருநாளே இரவல். இவங்க சாமியாரே ஒத்துக்கிட்டார். அந்தக் கோவிலை எனக்குக் கொடுங்க. யானைக்கு வைக்கோல் அடைக்க இடம் இல்லாமல் கிடக்கு."

ராசாவுக்குக் கண் மலர்ந்தது. நல்ல சோதனை ஒன்று கிடைத்துவிட்டதே.

"மதலேனா, நாளன்னைக்கு உங்க திருநாளுக்கு நான் வர்றேன். மத்தவங்ககிட்ட முன்னாடியே இருந்த எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தா கோவில் பிரதானிக்கு. திருநாளே நடத்தாம விட்டாலும் கோவில் பிரதானிக்கு. சம்மதமா?"

"சம்மதம் இல்லைன்னா, மகாராசா?"

"கோவில் பிரதானிக்கு."

மதலேனாள் சிரித்த முகமாகக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. இடுப்பில் நாலு மாதப் பிள்ளை. அதற்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் தெருவில் மூன்று தொட்டில்கள் காலியாகியிருந்தன. கோவில் போனால் சாமியார் வந்த வழியே போய்விடுவார். அப்புறம் இன்னும் ஒரு வருஷம். கைப்பிள்ளையை வைத்திருப்பவளுக்கு ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று ராசாவுக்கு எப்படித் தெரியும்?

திருநாளன்று ராசா வந்தார். பந்தல் இல்லை, கோலம் இல்லை, மேளம் இல்லை. சனங்கள் வெறும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மகாராசா. உட்காரச் சொல்லத்தான் பாய் இல்லை. முதல் பாயை முடைஞ்சவர் வேதக்காரர் இல்லையாம்."

"சாப்பாடு?"

"நெல்லை முதல்ல நட்டவரும் ஞானஸ்நானம் வாங்கலையே."

"ஒரு பாட்டாவது பாடலாமே."

"பாட்டு தமிழ்ல இருக்கு. தமிழ் எங்களுக்கு முன்னாடியே இருந்தது. சாமியாரும் காலையிலேருந்து வாயைத் திறக்கலை, பாவம்."

தாண்டவராயன் குறுக்கே வந்தார். "சேலை மட்டும் கட்டியிருக்கியே?"

"நீங்க வர்றீங்களேன்னு கட்டினேன், ஐயா."

"சேலையை விடும்" என்றார் ராசா அவசரமாக. "சரி, திருநாள் எங்கே?"

மதலேனாள் பிள்ளையை நீட்டினாள். "இதோ. நாலு மாசத்துக்கு முன்னாடி இது யார்கிட்டயும் இல்லை. ஒரு பிள்ளை பிறந்ததுக்குத்தானே மகாராசா எங்க திருநாளே. பிரதானி ஐயாவுக்குக் கண்ணு கூர்மை. அவரே சோதிச்சுப் பார்க்கட்டும்."

தாண்டவராயன் குனிந்தார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், காதைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"மகாராசா, இந்த மூக்கைப் பாருங்க. இது இவ மாமனார் கோடாங்கி சங்கிலியாண்டி மூக்கு. அய்யனார் கோவில்ல முப்பது வருஷம் உடுக்கை அடிச்ச மூக்கு. சாகிறவரைக்கும் அந்த ஆள் வேதத்துக்கு வரலை. இரவல் மூக்கு."

மதலேனாள் இதற்குத்தான் காத்திருந்தாள்.

"அச்சு அசல் அதேதான், ஐயா" என்றாள். பிறகு சாமியாரிடம் திரும்பினாள். "சாமி, இப்ப நீங்கதான் சொல்லணும். மூக்கை அறுத்துட்டு ஞானஸ்நானம் கொடுப்பீங்களா, மூக்கோடவா?"

சாமியார் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்துத் தும்மியது.

"அறுக்கிறதாவது" என்றார் அவர். "மூக்கோடதான்."

"கோடாங்கி மூக்காச்சே சாமி."

"இருந்துட்டுப் போகட்டும். பிள்ளை ஆண்டவருக்குன்னா மூக்கும் ஆண்டவருக்குத்தான்."

சொன்னவர் சொன்னதை ஒரு தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மொட்டை வாசலையும் பார்த்தார். "அந்தத் தோரணத்தை எங்கே போட்டீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"கோவிலுக்குப் பின்னாடி நிழல்ல இருக்கு, சாமி. வாடலை."

ராசாவுக்குச் சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அப்படிப் பார்த்தா என் மூக்கும் எங்க அப்பாகிட்ட வாங்கின இரவல்தான். கோவில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். தோரணம் ஏறியது, விளக்கு எரிந்தது. ராசா நின்று பார்க்கவே சாமியார் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டது. கோடாங்கி குறி சொல்லக் குரல் எடுத்தது போலவே இருந்தது என்றார்கள் தெருக்காரர்கள். மதலேனாள் முந்தானையால் பிள்ளையின் தலையைத் துடைத்தாள்.

தாண்டவராயனுக்கு மட்டும் ஆறவில்லை. "என்ன சொன்னாலும் அந்த மூக்கு எங்க ஆளோடதுதான்" என்றார்.

"இல்லைன்னு யார் சொன்னா, ஐயா? மார்கழிப் பனியில சளி பிடிச்சு ரெண்டு நாளா ஒழுகிட்டே இருக்கு. உரிமைப்பட்டவங்க வந்து சிந்தி விட்டுட்டுப் போங்க."

ராசா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்து காதில் தொங்கியது. சிரித்துக்கொண்டே முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளை கழுத்தில் போட்டார். தாண்டவராயன் மட்டும் அங்கவஸ்திரத்தைக் கெட்டியாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.