மட்டிப்பாளையத்துக் கரைக்கு வந்த உத்தரவு

மட்டிப்பாளையம் பேரூராட்சியில் சாமியைக் கேட்காமல் ஒரு குழாய்கூடப் போட மாட்டார்கள். அவ்வளவு பொறுப்பான ஊர். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்துப் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இதற்குப் பெயர் நிர்வாகம்.

ஐப்பசியில் ஏரிக்கரை கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழேதான் மாரிக்கண்ணுவின் வீடு. அவள் நேரே கோயிலில் நடந்த பேரூராட்சிக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, அடுப்படி வரைக்கும் தண்ணி வந்துருச்சு. பெருமழைக்கு முன்னாடி அந்த ஓட்டைய அடைச்சுருங்கய்யா, புண்ணியமாப் போகும்."

"அடைக்கலாமான்னு கேட்டுருவோம்" என்றார் தலைவர் தணிகாசலம்.

கேட்டார்கள். சிவப்பு.

மாரிக்கண்ணு விவரமானவள். "அப்ப அடைக்காம விடலாமான்னு கேளுங்க!"

மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்தார் பூசாரி. அதுவும் சிவப்பு!

"கடையில வெள்ளைப்பூ தீந்துபோச்சுங்க. அதான் ரெண்டுலயும் செவ்வரளியவே வச்சேன்" என்றார் பூசாரி.

தலைவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாத்தீங்களா! வெள்ளைப்பூவக் கடைக்கே வரவிடாம பண்ணிருக்கான்னா, சாமி எவ்வளவு கண்டிப்பா இருக்கான்!"

ஊரில் ஒரே ஒரு பகுத்தறிவாளர் உண்டு, உறுப்பினர் சாக்ரடீஸ். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது" என்று எழுந்தார். "ஆதாரம் இருந்தாத்தான் ஒத்துக்குவேன். இங்க ரெண்டு ஆதாரம் இருக்கு. ஒத்துக்கறேன்."

ஆக, அடைக்கவும் கூடாது, அடைக்காமல் விடவும் கூடாது. மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

"நான் சாமி கும்பிடாதவன். அதனால நான் அடைக்கறேன்" என்றார் சாக்ரடீஸ்.

"நாங்க கும்பிடறவங்க. அதனால அத நாங்க பிரிச்சுடறோம்" என்றார் தலைவர்.

"அடப்பாவிங்களா!" என்று மாரிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காலையில் சாக்ரடீஸ் கோஷ்டி மண்ணைக் கொட்டும். சாயங்காலம் தலைவர் கோஷ்டி தேங்காய் உடைத்துவிட்டு அதைத் தோண்டி எடுக்கும். கொட்டுகிறவர்கள் அளவாகக் கொட்டினார்கள். தோண்டுகிறவர்கள் பக்தியில் அளவு தெரியாமல் தோண்டினார்கள். எலி நுழைகிற ஓட்டை எருமை நுழைகிற ஓட்டையானது.

பெருமழை வந்தது. கரை உடைந்தது. ஏரி மொத்தமும் ஊருக்குள் இறங்கிவிட்டது. மாரிக்கண்ணு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறி, அழுதுகொண்டே கத்தினாள். "இப்பவாச்சும் ஏதாவது செஞ்சு தொலைங்கய்யா!"

பேரூராட்சி மாடியில் அவசரக் கூட்டம். அந்த நேரம் பார்த்து, ஏரியிலிருந்து அடித்து வந்த வெள்ளை அல்லி ஒன்று தலைவர் கண்ணெதிரே கீழே தெருவில் மிதந்து போனது.

"வெள்ளை! உத்தரவு வந்துருச்சு! அடைங்கடா கரைய!"

அன்றுதான் இரண்டு கோஷ்டியும் முதல் முறையாக ஒன்று சேர்ந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், கல்லும் மண்ணும் சிமெண்டும் போட்டு, காலி ஏரியின் கரையைக் கெட்டியாக அடைத்துவிட்டு வந்தார்கள்.

"இனிமே பயமில்ல, தாயி" என்று கூரையைப் பார்த்துக் கும்பிட்டார் தலைவர். "சாமி காப்பாத்திட்டான்."

"சும்மா சாமி சாமிங்காதீங்க. நான் நேர்லயே சோதிச்சுப் பாத்துட்டேன்" என்றார் சாக்ரடீஸ், அதற்குள் கழுத்தளவு ஏறிவிட்ட தண்ணீரில் நின்றுகொண்டு. "ஊருக்குள்ள இருக்கற தண்ணியில ஒரு சொட்டுகூட ஏரிக்குள்ள கசியல!"