இன்னும் வராத நேரம்

ஒரு ஊரில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மடியில் சுளகு, சுளகில் சின்ன வெங்காயம், எதிரே ஸ்டூல் மேல் ஒரு லேப்டாப். வெங்காயத்தை உரித்துப் போட்டுக்கொண்டே, தான் வரைந்து முடித்த மாடிப்படியைத் திரையில் பார்த்தாள். படி சரியாகத்தான் விழுந்திருந்தது. விரலெல்லாம் வெங்காயச் சாறு. அதனால் சுண்டுவிரலை மட்டும் நீட்டி, 'நிறுத்து' என்ற பொத்தானை அமுக்கினாள்.

அந்த லேப்டாப்புக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

ஒருத்தி குறிப்புக்காரி. எந்த வீட்டுப் படத்தைச் செண்பகம் எப்போது தொடங்கினாள், எப்போது நிறுத்தினாள் என்று எழுதி வைப்பது அவள் வேலை. இன்னொருத்தன் தூதன். அவள் எழுதியதை வாங்கிக்கொண்டு டவுனில் இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஓடுவான். மூன்றாவது, திரையின் மூலையில் உட்கார்ந்திருக்கிற கடிகாரம். குறிப்புக்காரி மணி கேட்டால் சொல்லும். மற்றபடி யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தவர் பில்லய்யா. யார் எவ்வளவு நேரம் படம் வரைந்தார்களோ அதைக் கூட்டி, வீடு கட்டுகிறவர்களுக்கு பில் போடுகிறவர். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு.

அன்றைக்கும் தூதன் மூச்சு வாங்க ஓடிப்போய் நின்றான். பில்லய்யா சீட்டை வாங்கினார், மேலிருந்து கீழே படித்தார், மேஜைக்கு அடியில் போட்டார். "சரி, போ" என்றார்.

மற்றவர்கள் கொண்டுவந்த சீட்டெல்லாம் மேஜை மேலே இருந்தது. செண்பகத்தின் சீட்டு மட்டும் அடியில். ஏன் என்று கேட்கத் தூதனுக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து திரையில் பச்சை டிக் ஒன்றைப் போட்டான். கொடுத்துவிட்டாயா என்று குறிப்புக்காரி கேட்டாள்.

"கொடுத்துட்டேன்" என்றான். அது பொய் இல்லை.

பச்சையைப் பார்த்த திருப்தியில் செண்பகம் சுளகைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

குழம்பு கொதிக்கும்போது போன் வந்தது. ஆபீஸ் முதலாளி ஜெயசீலன். கெட்ட மனுஷன் இல்லை. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டுக் கல்யாணத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவளைத் தேடிப் பிடித்து, லேப்டாப்பையும் கொடுத்து, வீட்டிலிருந்தே வரையுங்கள் என்று சொன்னவர்.

"எம்மா செண்பகம், நீங்க வேலை செய்யலேன்னு நான் சொல்லலை. கம்ப்யூட்டர் சொல்லுது" என்றார்.

படம் வருகிறது, ஆனால் வரைந்த நேரம் வரமாட்டேன் என்கிறது என்றார். நேரம் இல்லாமல் பில் போட்டால் வீடு கட்டுகிறவர் எதை வைத்துப் போட்டாய் என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் செண்பகம் ஆபீசுக்கு வந்துதான் வரைய வேண்டியிருக்கும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான்.

இங்கே பச்சை டிக் விழுகிறதே என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது "சரி சார்" என்பதுதான்.

ஆபீசுக்கு எப்படிப் போவாள்? புருஷன் முத்துராஜ் மில்லுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மகள் நிவியைப் பால்வாடியிலிருந்து கூட்டிவர வேறு ஆள் கிடையாது. வீட்டிலிருந்து வரைந்தால்தான் வேலை. அது போனால் மறுபடியும் பழையபடி சும்மா இருக்கிறவள் என்று பெயர்.

ஜெயசீலன் போனிலேயே ஒவ்வொரு வைத்தியமாகச் சொன்னார். முதலில் அணைத்துப் போடச் சொன்னார். உள்ளே இருந்த மூன்று பேரும் தூங்கி எழுந்தார்கள். அப்புறம் மென்பொருளிலிருந்து வெளியே போய் பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப வரச் சொன்னார். குறிப்புக்காரியையும் தூதனையும் வாசலில் நிறுத்திப் பெயர் கேட்டு உள்ளே விட்டார்கள். கடைசியில் மென்பொருளையே எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார். இரண்டு பேரும் சட்டிபானையோடு தெருவுக்கு வந்து, குளித்து முழுகிப் புதுமனிதர்களாகத் திரும்பிப் போனார்கள்.

"என்னதான் குளிப்பாட்டினாலும் உன் மூஞ்சி அதே மூஞ்சிதான்" என்று குறிப்புக்காரி தூதனைக் குத்தினாள். அவள் எழுதுகிற கையெழுத்தைப் பார்த்தால் பில்லய்யாவுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும் என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.

கடிகாரத்தை மட்டும் யாரும் குளிப்பாட்டவும் இல்லை, வாசலில் நிறுத்திப் பெயர் கேட்கவும் இல்லை. மணி சொல்கிறவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. சீட்டுகள் மேஜைக்கு அடியில் சேர்ந்துகொண்டே இருந்தன. லேப்டாப்புக்குச் சூடம் காட்டிப் பாரேன் என்று முத்துராஜ் கேலி செய்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றித் தட்டை எடுத்துவைத்தான்.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. செண்பகம் ஒரு சமையலறைப் படத்தை முடித்து 'நிறுத்து' அமுக்கின நேரத்தில் லேப்டாப்புக்கு நெட் கொடுக்கிற போனில் நெட் தீர்ந்துபோயிருந்தது. பாதை இல்லாமல் தூதன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் முத்துராஜ் ரீசார்ஜ் செய்துவிட்டு வேலைக்குப் போனான். தூதன் ஓடினான். தாமதமானதற்குத் திட்டு விழும் என்று பயந்துகொண்டே நீட்டினான்.

பில்லய்யா படித்தார். மேஜை மேலே வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. சமையலறை நேரம் வந்துவிட்டது, மற்றது எங்கே என்று கேட்டிருந்தார்கள். செண்பகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெட் இருந்தால் போகாதது, நெட் இல்லாதபோது எப்படிப் போகும்?

தூதனுக்கும் அதே யோசனைதான். உடனே கொண்டுபோனதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஊசிப்போனதை வாங்கிக்கொண்டாரே. அன்றைக்கு மதியச் சீட்டோடு போனபோது, "சரி, போ" என்று சொல்லியும் அவன் போகவில்லை. முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டான்.

பில்லய்யா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். கேட்டால் சொல்லமாட்டேனா என்பது போலச் சீட்டை எடுத்து விரித்தார்.

"இதுல வேலை முடிஞ்சது ஒண்ணேகால்னு இருக்கு. இப்ப மணி என்ன, என் சுவரைப் பாரு."

தூதன் பார்த்தான். ஒன்று ஐந்து.

"இன்னும் வராத நேரத்துல செஞ்ச வேலைக்கு நான் எப்படி பில் போட? நேத்து உள்ளது ராத்திரி தாண்டி வந்துச்சு. அது நடந்து முடிஞ்சது. வாங்கிக்கிட்டேன்."

"அவ வரைஞ்சதை நான் கண்ணால பார்த்தேன் ஐயா."

"நீ பார்த்தே. நான் மணியைத்தான் பார்க்க முடியும்."

தூதன் திரும்பி வரும்போது கால் ஓடவில்லை. இத்தனை நாளும் கொடுத்துவிட்டேன் என்று சொன்னானே தவிர, அவர் வாங்கிக்கொண்டாரா என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு பச்சை டிக்கைப் போட்டு வாயடைத்துவிட்டு, செண்பகத்தைத் திட்டு வாங்க வைத்தான். அன்றைக்கு அவன் பச்சையைத் தொடவில்லை. சிவப்பை எடுத்துத் திரையின் குறுக்கே எழுதினான்: 'வாங்கப்படவில்லை. இது இன்னும் வராத நேரம்.'

குறிப்புக்காரிக்குக் கோபம் வந்தது. தான் சொந்தமாக ஒரு நிமிஷம்கூட எழுதியதில்லை, மூலையில் இருக்கிறவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்றாள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கீங்க? நானா முன்னாடி ஓடுனேன்? செண்பகம்தான் என்னைத் தள்ளி வச்சா" என்றது கடிகாரம்.

செண்பகம் சிவப்பு எழுத்தை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தாள். மூலையில் இருந்த மணியைப் பார்த்தாள். போனில் இருந்த மணியைப் பார்த்தாள். பத்து நிமிஷம் இடித்தது. திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால்தான் போகும். முத்துராஜுக்கு மில் வேன் போய்விடக்கூடாதே என்று கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே. ஆனால் படம் வரைய உட்கார்ந்தால் அவள் சுவரைப் பார்க்கமாட்டாள், திரை மூலையைத்தான் பார்ப்பாள். ஒருநாள் கோட்டோடு கோடு சேர்ப்பதில் நேரம் போனது தெரியாமல், ஓடிப்போய்ப் பார்த்தால் பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளும் போயாச்சு. ஆயாவின் மடியில் நிவி மட்டும் அழுது வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் லேப்டாப்பில் மணி தானாகச் சரிசெய்துகொள்கிற வழியை அடைத்துவிட்டு, சுவரைப் பார்த்து அதையும் தள்ளி வைத்தாள். பிந்தவே கூடாது என்று செய்தது.

உட்கார்ந்து அடைத்த வழியைத் திறந்துவிட்டாள். கடிகாரம் பின்னால் நகர்ந்து சரியான இடத்தில் நின்றது. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. தூதன் பழைய சீட்டையெல்லாம் மறுபடியும் அள்ளிக்கொண்டு ஓடினான். மேஜைக்கு அடியில்தானே கிடக்கிறது, எடுத்து மேலே வைத்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தான். அதெல்லாம் முடியாது, முறைப்படி புதிதாகக் கொடு என்றார் பில்லய்யா. கொடுத்தான். ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றாக மேலே வைத்தார். எல்லாமே நடந்து முடிந்த வேலை.

தூதன் வந்து பச்சை டிக் போட்டான். இந்த முறை பக்கத்திலேயே 'வாங்கிக்கொண்டார்' என்றும் எழுதினான்.

சாயங்காலம் ஜெயசீலன் கூப்பிட்டார். எல்லாம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள், வேலை உங்களுக்குத்தான் என்றார். கோளாறு எதில் என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வேறு. லேப்டாப்பில் போய் யாராவது மணியைத் தள்ளி வைப்பார்களா, அந்தப் பத்து நிமிஷத்தை வைத்து என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்.

எப்போதும் போல "சரி சார்" என்று முடித்திருப்பாள். என்னமோ அன்றைக்கு முடிக்க மனம் வரவில்லை. உள்ளே குறிப்புக்காரி பேனாவைத் திறந்தாள். தூதன் எழுந்து நின்றான்.

"அது யாருக்கும் தெரியாத நேரம் சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "வேனுக்கு அவங்களை அனுப்பியாச்சு, பிள்ளையைக் கூட்டியாந்தாச்சுன்னு மூச்சு விட்டுட்டுப் போனைப் பார்த்தா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துலதான் சார் நான்..."

"அம்மா, முடிஞ்சிருச்சு. வந்து கழுவி விடு" என்று கக்கூசுக்குள்ளேயிருந்து நிவி கூப்பிட்டாள்.