செவலையின் உதடும் பித்தளைக் கொம்பும்

மலையும் மேகமும் ஒரே பாயில் படுத்துத் தூங்கிய காலம் அது. அந்த மலைக்காட்டில் செவலை என்றொரு குதிரை இருந்தது. சும்மா நிற்கும்போதும் 'புர்ர்ர்' என்று உதட்டைப் படபடக்க விடும்.

"அக்கா, வாய்க்குள்ள வண்டா வளர்க்கிறீங்க?" என்று குரங்கு கேலி செய்யும். செவலை கூச்சத்தோடு வாயை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் காலை, பால் பொங்கினாற்போல மூடுபனி இறங்கியது. பக்கத்தில் மேய்ந்த அதன் குட்டியைக் காணோம்! சுற்றிலும் கிடுகிடு பள்ளம். செவலைக்குக் கனைத்துக் கனைத்துத் தொண்டை கட்டிப்போயிற்று. அத்தனை சத்தத்தையும் பனி பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டது.

"அழாதீங்க அக்கா!" குரங்கு ஓடிப்போய் ஒரு பித்தளைக் கொம்பைத் தூக்கி வந்தது. திருவிழா வண்டியிலிருந்து விழுந்த கொம்பு. "இதை ஊதினா அடுத்த மலைக்கே கேட்கும்!"

குரங்கு கொம்பின் அகன்ற பக்கத்தில் முகத்தைப் புதைத்து ஊதியது. ஒன்றும் நடக்கவில்லை.

"அட மக்கு! அந்தச் சின்ன வாயில ஊதுடா!" என்றது அங்கே வந்த நரி.

"இவ்வளவு பெரிய வாய் இருக்கும்போது சின்ன வாயில எவன் ஊதுவான், அண்ணே?"

நரி பிடுங்கி ஊதியது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. 'புஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது.

"உள்ளே இருந்த சத்தமெல்லாம் திருவிழாவிலேயே தீர்ந்துபோச்சு!" என்று கொம்பைக் கீழே போட்டது.

செவலை கொம்பின் சின்ன வாய்ப் பக்கமே தலை சாய்த்துப் பெருமூச்சு விட்டது. 'புர்ர்ர்...'

கொம்பு லேசாக முனகியது!

"அக்கா, இன்னொரு தடவை! உதட்டை இறுக்கிக்கோங்க!" குரங்கு கொம்பைத் தூக்கிப் பிடித்தது.

செவலை சின்ன வாயில் உதட்டைப் பதித்து ஊதியது. உதடு துடித்தது. குழலுக்குள் இருந்த காற்றும் கூடவே துடித்தது. ஓசை வளைவெல்லாம் வளர்ந்து, அகன்ற வாய் வழியே வெண்பனிக்குள் விரிந்தது. உதட்டை இறுக்கினால் ஓசை மேலே ஏறியது. தளர்த்தினால் தாழ இறங்கியது. பனியே தூக்கத்தில் பாடுவது போலிருந்தது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, டக் டக் என்று குளம்புச் சத்தம்.

"ஏம்மா இவ்வளவு பெரிசா புர்ருன்னு பண்றே? காலை எடுத்து வச்சேன், கீழே தரையே இல்லை. உன் சத்தம் கேட்டுத் திரும்பிட்டேன்!"

செவலை குட்டியை நக்கி நக்கி ஈரமாக்கியது. நரி நைசாக நழுவியது. தாயும் பிள்ளையும் உரசிக்கொண்டே சரிவில் இறங்கின. குரங்கு தனியே நின்று 'புர்ர்' சொல்லிப் பார்த்தது. எச்சில்தான் தெறித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அதுவும் பனிக்குள் நடந்துபோயிற்று.

எவ்வளவு பெரிய கருவியும் நம்மிடம் உள்ளதைத்தான் பெரிதாக்கும். ஆகவே, இருப்பது சிறிதென்று கேலிக்குப் பயந்து மூடிவைக்கக் கூடாது.