நாரைச் சங்கம் சொன்ன முதல் நன்றி

கருங்காட்டுக் கண்மாயில் நாரைகளும் கொக்குகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. தண்ணீரை அளந்து சொல்வதுதான் அதன் தொழில். தினமும் காலையில் இரண்டு நாரைகள் நடுக் கண்மாயில் போய் நிற்கும். கரைக்கு வந்ததும் காலைச் சுத்தமாக அலசிவிட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கும். இரண்டின் அளவும் ஒத்துப்போனால் அதுதான் அன்றைய கணக்கு. சங்கம் சொல்லிவிட்டால் யானைகூட மறுபேச்சு பேசாது. யார் எவ்வளவு குடிக்கலாம், எருமைகள் எத்தனை நேரம் ஊறலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியில் சங்கத் தலைவர் நெடுங்காலனார் என்ற நாரை, முழங்கால் தண்ணீர் இருக்கிறது, ஆவணி வரை தாங்கும் என்று அறிவித்தார். காடே நிம்மதியாகக் குடித்தது.

அன்று மதியம் தலைவர் நின்றிருந்த கரையோரம் ஓர் அயிரை மீன் தலை நீட்டியது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. சேற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற மீன். நாரைகளுக்கு அதுதான் உயிரான பலகாரம். அது தெரிந்தும் வந்தது பாருங்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

"ஐயா, உங்க கணக்கு தப்பு," என்றது அயிரை. "போன வருஷ வெள்ளம் நடுவிலே வண்டலைக் கொட்டிட்டுப் போயிடுச்சு. உங்க கால் பாதி தண்ணியிலே நிக்குது, பாதி எங்க வீட்டுக் கூரையைக் குத்திக்கிட்டு நிக்குது. சேத்தைக் கழுவிட்டு அளந்தா எப்படித் தெரியும்? வைகாசிக்கே வத்திடும். என் பிள்ளைங்க வெயில்லே துடிச்சுச் செத்துப்போகும்."

செயலாளர் கொக்கு தலைவரின் காதோரம் குனிந்தது. தப்பு என்று ஒத்துக்கொண்டால் சங்கத்தின் பெயர் நாறிப்போகும், இந்தப் பொடியை விழுங்கிவிட்டால் ஓர் ஏப்பத்தோடு விஷயம் முடிந்தது என்றது. தலைவருக்கும் அப்போது நல்ல பசி.

அவர் தண்ணீரில் இறங்கினார். அயிரை நடுங்கியது, ஆனால் நகரவில்லை. அவர் அதைத் தாண்டி நடுக் கண்மாய்க்குப் போனார். நின்றார். இந்தத் தடவை காலை அலசாமலே கரையேறினார். பாதிக் காலுக்குச் சேறு அப்பியிருந்தது.

உடனே காட்டைக் கூட்டி, சேற்றுக் காலை எல்லோருக்கும் காட்டினார். "நாங்க அளந்தது தப்பு. இருக்கிறது பாதித் தண்ணிதான்," என்றார். எருமைகள் வாய்க்கு வந்தபடி திட்டின. நரி சிரித்தது. அவமானம் தாங்காமல் இரண்டு நாரைகள் வேறு கண்மாய்க்கே பறந்துவிட்டன. ஆனாலும் அன்றோடு எருமைகளின் ஊறல் நின்றது. குடிப்பது ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றானது.

ஆவணியில் மழை இறங்கியபோது, அயிரைகளின் முதுகு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. 'சோதனையான ஆண்டு. நமது திறமையால் காடு பிழைத்தது,' என்று செயலாளர் கொக்கு வாசித்தது. தலைவர் அதை நிறுத்தச் சொன்னார். திட்டிக்கொண்டே தாகத்தைப் பொறுத்த எருமைகளுக்கு நன்றி சொல்லணும், அதற்கும் முன்னால் இன்னொருவருக்குச் சொல்லணும் என்றபடி கரையோரம் போய்க் குனிந்தார்.

"அம்மா, நீ வராம இருந்திருந்தா, நாங்க எல்லாரும் ஒத்துமையா ஒரே தப்பைச் சொல்லிக்கிட்டே இருந்திருப்போம்," என்றார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தினமும் அளக்கிறதுக்கு முந்தி, சேறு எவ்வளவுன்னு எங்களை ஒரு வார்த்தை கேளுங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நின்னே கேளுங்க."

கேட்பதென்றால் பதில் சொல்ல அயிரைகள் உயிரோடு இருக்க வேண்டுமே. அன்று முதல் சங்கத்தில் யாரும் அயிரை தின்பதில்லை என்று தீர்மானமானது. செயலாளர் கொக்கு எச்சிலை விழுங்கிக்கொண்டு, முதல் ஆளாகச் சிறகைத் தூக்கியது.

நம் தப்பை நம் முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்தவருக்குத்தான் நம்முடைய முதல் நன்றி சேர வேண்டும்.