வேட்டிக் கயிற்றில் ஓடிய வேன்

மடத்து வேனுக்கு என்ன வயது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் நல்லபெருமாளுக்கு மூஞ்சி சுருங்கிவிடும். கொம்பையா சாமிக்குச் சீடராக வந்தவர்தான். ஆனால் பாதி நாள் அந்த வேனுக்குத்தான் பணிவிடை செய்துகொண்டிருப்பார். சாமியைவிட இவருக்கு வயது கூடுதல், தலை பாதி நரைத்தாயிற்று. காவி மட்டும் இன்னும் வாங்கவில்லை. மனசு முழுசாகச் சரியான பிறகுதான் வாங்குவாராம். எதிலும் அரைகுறை ஆகாது அவருக்கு.

அன்றைக்குக் கயத்தாறு தாண்டி, காற்றாலைகள் நிற்கிற பொட்டலில், வேன் படக்கென்று ஒரு சத்தம் போட்டது. கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கமிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நல்லபெருமாள் பானெட்டைத் திறந்தார்.

"ஃபேன் பெல்ட் அறுந்துட்டு சாமி."

சாமி இறங்கி, காற்றாலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவை சுற்றுகின்றனவா, தூங்குகின்றனவா என்று சொல்ல முடியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

"அது இல்லாம ஓடாதோ?"

"ஓடும். தண்ணி சுத்தாது. கொதிச்சுக் கொதிச்சு எஞ்சினே போயிரும்."

போக வேண்டிய இடம் நல்லபெருமாளின் தங்கச்சி செண்பகத்தின் வீடு. அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் வராமல் போனால், பிள்ளை வளர்ந்து கல்யாணம் முடிக்கிற வரைக்கும் ஊரார் அதைச் சொல்லிச் சொல்லியே குத்துவார்கள். உச்சிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பெல்ட் அறுந்ததில் நல்லபெருமாளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

தங்கச்சி வீட்டிலிருந்த அப்பா செத்த அன்று மடத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடியவரை, தங்கச்சி புருஷன் செல்லப்பாண்டி வாசலிலேயே மறித்துவிட்டான். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவனுக்கு இங்க என்ன சோலி?" என்று ஊர் முன்னால் கேட்டான். நல்லபெருமாள் தெருவில் நின்றே அப்பாவைப் பார்த்தார். அங்கிருந்து பாதம் மட்டும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த வாசலை அவர் மிதிக்கவே இல்லை. செண்பகம் கூப்பிடும்போதெல்லாம், "மனசு சரியாகட்டும்மா, வாரேன்" என்பார். இந்தத் தடவை அவள் அழுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "வேற எவன் மடியிலயாவது எம்பிள்ளைய உக்கார வைக்கச் சொல்லுதியா?"

அதற்குத்தான் கிளம்பினார். துணைக்கு வருகிறேன் என்று சாமியும் ஏறிக்கொண்டார்.

"டவுனுக்குப் போற லாரி வந்தா சொல்லி விடலாம் சாமி. சாயந்திரத்துக்குள்ள புது பெல்ட் வந்துரும்."

"காதுகுத்து?"

நல்லபெருமாள் ரேடியேட்டரை உற்றுப் பார்த்தார்.

"கயிறு இருக்கா?" என்றார் சாமி.

"இல்ல."

"துணி?"

"துணியில பெல்ட்டா? அது அரைகுறை வேலை சாமி. நமக்கு வேண்டாம்."

"துணி இருக்கான்னுதான் கேட்டேன்."

பின் சீட்டில் சீர்த்தட்டு இருந்தது. பட்டுப்பாவாடை, கம்மல், கருப்பட்டி, செல்லப்பாண்டிக்கு முறைக்காக எடுத்த ஒரு வேட்டி. பக்கத்திலேயே, பிள்ளையை மடியில் வைக்கும்போது கட்டிக்கொள்ள நல்லபெருமாள் தனக்கென்று எடுத்த கரைவேட்டி.

நல்லபெருமாளின் கை நேராகச் செல்லப்பாண்டியின் வேட்டிக்குப் போயிற்று. அதைக் கிழிக்கப் போகிறோம் என்றதும் கைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ!

"அது யாருக்கு எடுத்தது?"

"நான் எடுத்ததுதான் சாமி."

"யாருக்கு?"

நல்லபெருமாள் அதை இருந்த இடத்திலேயே வைத்தார். தன்னுடையதை எடுத்து, கரையோடு சேர்த்து நீளமாகக் கிழித்தார். கிழிகிற சத்தம் கேட்க வயிறு எரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். கேனில் இருந்த தண்ணீரில் நனைத்து, எஞ்சினில் பெல்ட் ஓடுகிற சின்னச் சக்கரங்களைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சின் வாலை ஒட்ட நறுக்கினார் நல்லபெருமாள். வேண்டாம் என்று சொன்ன வேலையையும் அவரால் ஒழுங்காகத்தான் செய்ய முடிந்தது. சூடு ஆறியதும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார்கள்.

வண்டி கிளம்பியது. மெல்ல, மெல்ல. ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும் இருந்தது.

அப்படி ஒரு வேகத்தில் நல்லபெருமாள் ஆயுசில் ஓட்டியதில்லை. ஓரத்தில் போன ஆட்டு மந்தை கொஞ்ச நேரம் கூடவே வந்து, பிறகு முந்திக்கொண்டு போயிற்று. ஒரு தட்டான் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, பறக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தது. தூரத்தில் ரோடு தண்ணீராய்ப் பளபளத்தது. கிட்டப் போகப் போக அது தள்ளிப் போயிற்று. வண்டி ஒரே இடத்தில் நிற்பது போலவும், பொட்டலும் பனைகளும் காற்றாலைகளும்தான் எழுந்து தன் பக்கமாக நடந்து வருவது போலவும் இருந்தது அவருக்கு. பனைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வாசலும், அதற்குள் நீட்டிப் படுத்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. கண்ணைச் சிமிட்டினார். பனைதான் நின்றது.

"சாமி, இது பெல்ட்டே இல்ல."

"ஆமா."

"அப்ப பொய்தான?"

"சுத்துதா?"

"சுத்துது."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, துணியை மறுபடி நனைத்தார்கள். கருகல் வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது.

செண்பகத்தின் தெருவுக்குள் வேன் ஊர்ந்து நுழைந்தபோது உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பந்தலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை, செண்பகத்தின் இடுப்பில் இருந்தபடி வேனைக் காட்டிக் கத்தியது. செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

செல்லப்பாண்டி வாசலுக்கு வந்தான். அதே வாசல். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று கையைக் குவித்தான்.

"வாங்க மச்சான்."

குரல் காய்ந்து கிடந்தது. சிரித்தான், ஆனால் கண் வேன் சக்கரத்தைப் பார்த்தது.

நல்லபெருமாள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"சாமி, எனக்கு மனசு ஆறவே இல்ல. இப்ப எறங்கிச் சிரிச்சா நடிப்புதான்."

சாமி தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அவனையும் பாருங்க. உதட்டுலதான் சிரிக்கான். மனசார ஒண்ணும் கூப்பிடல."

சாமி செல்லப்பாண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குவித்த கையை அவன் இன்னும் இறக்கவில்லை.

"ஆமா நல்லபெருமாள்," என்றார் சாமி. "அவரும் அவரு வேட்டியத்தான் கிழிச்சிருக்காரு."